வலைப்பூவை இடம் மாற்றலாமா?

எமது கல்லூரி மாணவிகள் பலர் கவிதை, சிறுகதை, சமையற்குறிப்பு என ஏதாவதொன்றை இணையத்தில் எழுதி வருகிறார்கள். இரண்டு மூன்று வருடங்கள் எழுதியதும், "இந்தத் தளம் பழையதாகிவிட்டதே, வேறு தளத்துக்குப் போனால் என்ன?" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. முடிவெடுக்குமுன் தேடி அறிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன். எழுதும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகக் காசு கட்டப் போகும் பெற்றோருக்கும் இது பயன்படும் என நினைக்கிறேன்.

எனது வலைப்பூ கூகுளின் பிளொக்கர் தளத்தில் இருக்கிறது. எமது மக்கள் வீட்டில் பேசும் சொற்களை அதில் சேர்த்து வருகிறேன். மூத்த சகோதரியை எங்கள் வீட்டில் ராத்தா என்போம். வேறு ஊர் முஸ்லிம்கள் தாத்தா என்பார்கள். அதே தாத்தா தமிழ்நாட்டில் பாட்டனாரைக் குறிக்கும். இதை எழுதியபோது பல ஊர்ப் பெண்கள் தமது வீட்டுச் சொற்களைப் பின்னூட்டமாக எழுதினார்கள். நான் எழுதிய பதிவைவிட அந்தப் பின்னூட்டங்களே பெறுமதியானவை. ஆகவே எந்தத் தளம் அழகானது என்பதைவிட, எதில் இவை பாதுகாப்பாக இருக்கும் என்பதே எனக்கு முக்கியமானது.

இருப்பதிலும் ஆபத்து, போவதிலும் ஆபத்து

பெரிய நிறுவனத்தின் தளம் என்பதால் அது என்றும் இருக்கும் என்று நம்ப முடியாது. இலட்சக்கணக்கானோர் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாகூ நிறுவனம் 2009இல் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. டைப்பேட் என்ற பழைய வலைப்பூத் தளம் ஏறத்தாழ ஒரு மாத அவகாசம் கொடுத்துவிட்டு 2025 செப்டெம்பர் 30இல் நின்றுபோனது.

இடம் மாறுவதும் ஆபத்தில்லாத காரியமல்ல. 2015 வரை தன் தளத்தில் ஏற்றப்பட்டிருந்த பாடல்கள், சேவையகங்களை மாற்றும் வேலையின்போது அழிந்துவிட்டதாக மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது. வீடு மாறும்போது பொருள்கள் உடைவதைப் போன்றதுதான் இதுவும்.

எவை எம்முடன் வரும்?

ஒரு வலைப்பூவில் நான்கு பொருள்கள் உள்ளன. அவை எழுத்து, படம், பின்னூட்டம், முகவரி என்பன.

எழுத்தைக் கொண்டுபோவது இலகு. எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கும் வசதி பிளொக்கரில் உண்டு. வேர்ட்பிரஸ் போன்ற தளங்கள் அக்கோப்பை ஏற்றுக்கொள்ளும். யூனிகோட்டில் எழுதிய தமிழ் எங்கு போனாலும் தமிழாகவே இருக்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கட்டுரைகளை முதலில் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவை ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும்.

படங்களில் கவனம் தேவை. அந்தக் கோப்பில் படங்கள் இருக்கும் முகவரி மட்டுமே இருக்கும். பழைய பக்கத்தை அழித்துவிட்டால் புதிய பக்கத்திலும் படங்கள் காணாமற் போகலாம். படங்களைத் தனியாகச் சேமித்து வைப்பது நல்லது.

பின்னூட்டங்களும் அதே கோப்பில் இருக்கும். ஆனால் எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பின்னூட்டங்களை விட்டுவிடும் தளங்களும் உண்டு. போகும் இடத்தில் ஒரு சிறு பரீட்சார்த்தப் பக்கம் அமைத்து, எவை வந்து சேருகின்றன என்று பார்த்த பின்னரே பழையதைத் தொட வேண்டும்.

நான்காவதான முகவரிதான் மிகச் சிக்கலானது. தளம் இலவசமாகத் தந்த முகவரி தளத்துக்கே சொந்தம், அதை எடுத்துச் செல்ல முடியாது. வையவிரிவலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ் லீ, இணைய முகவரிகள் மாறக்கூடாது என்று 1998இலேயே எழுதினார். முகவரி மாறினால் முன்பு பகிர்ந்த இணைப்புகளைத் தொட்டு வருவோர் எம்மைக் காணமாட்டார்கள்.

சொந்தப் பெயர் வாங்கலாமா?

இதற்கு ஒரு வழி, டொமைன் எனப்படும் சொந்த முகவரியை வாங்குவது. பிளொக்கரில் அதை இணைக்கத் தனிக் கட்டணம் இல்லை. இணைத்தபின் பழைய முகவரிக்கு வருபவர்களும் தாமாகவே புதிய முகவரிக்கு அனுப்பப்படுவார்கள். வேர்ட்பிரஸ் டொட் கொம்மில் சொந்த முகவரியை இணைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். அதன் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரங்களும் எமது பக்கத்தில் தோன்றும்.

இதைச் சொன்னபோது வாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "ஒரு வருஷம் காசு கட்டாம விட்டா என்ன நடக்கும் மகள்?" பெயர் கைவிட்டுப் போகும், அதை வேறு யாரும் வாங்கலாம். சொந்த வருமானம் இல்லாத மாணவிக்கு இது சிறிய விடயமல்ல. இன்னொன்றையும் பெற்றோர் விசாரிக்க வேண்டும். டொமைனைப் பதியும்போது பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் கொடுக்க வேண்டியிருக்கும். அவை பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்படுமா என்று கேட்டறிந்த பின்னரே பதிய வேண்டும்.

எனது முடிவு

நான் இப்போதைக்கு இடம் மாறப்போவதில்லை. தோற்றம் பழையது என்பது மட்டும் மாறுவதற்குப் போதிய காரணமல்ல. பதிவுகளைத் தரவிறக்கும் வசதியை நிறுத்தினாலோ, மூடப்போவதாக அறிவித்தாலோ அன்றைக்கே புறப்படுவேன். அதற்காக மாதத்துக்கு ஒரு தடவை முழுப் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுக் கணினியிலும் மற்றொன்றை யுஎஸ்பியிலும் வைக்கிறேன். முக்கியமான பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்திலும் சேமித்திருக்கிறேன். பின்னர் அழிக்க விரும்பக்கூடிய எதையும் அங்கு சேமிக்காமல் இருப்பதே நல்லது. சொந்தப் பெயர் வாங்குவதை நான் உழைக்கத் தொடங்கும் காலத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

முன்பின் தெரியாத பெண்கள் தம் உம்மாமாரிடம் கேட்டு எழுதித் தந்த சொற்கள் என்னிடம் இருக்கும் அமானிதம். நீங்களும் எழுதுபவராயின், எங்கு போவது என்று யோசிக்குமுன் இந்த வார விடுமுறையில் உங்கள் பதிவுகளுக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிரதி கையில் இருந்தால், போவதா இருப்பதா என்பதை அவசரமின்றித் தீர்மானிக்கலாம்.