மூச்சு வாங்குதா? பதறாமல் செய்ய வேண்டியவை

வீட்டில் புற்றுநோய், இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் என்று நெடுநாளாகப் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறீர்களா? ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கினால், சங்கரன்கோவிலில் இருக்கும் உங்களுக்கு முதலில் தோன்றுவது "நெல்லைக்கு வண்டி பிடிக்கணும்" என்பதுதான். 50 கி.மீ.-க்கு மேல் பயணம். எப்போது கிளம்பணும், எப்போது வீட்டிலேயே தணிக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள்: மூச்சுத்திணறல் திடீரென வந்தாலோ, வழக்கத்தைவிட மிக அதிகமானாலோ, நெஞ்சுவலி, உதடு நீலமாவது, பேச்சில் குழப்பம், மயக்கம் இருந்தாலோ காத்திருக்காதீர்கள்.

டாக்டர் ஏற்கெனவே பார்த்துச் சொன்ன, வழக்கமாக வரும் மூச்சுத்திணறலா?

* நிமிர்ந்து உட்கார வையுங்கள். முன்னால் தலையணை வைத்து, அதில் கைகளை ஊன்றிச் சாயட்டும்.
* ஜன்னலைத் திறந்து, ஃபேன் காற்று முகத்தில் படும்படி வையுங்கள். கரண்ட் இல்லையா? பனையோலை விசிறி போதும்.
* மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் ஊதுங்கள்.
* சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். பயம் மூச்சுத்திணறலைக் கூட்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சரியான அளவைக் காட்டினாலும் அவர் படும் சிரமம் நிஜம். "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லாதீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவர்களுக்குத்தான் சிலிண்டர் பெரும்பாலும் உதவும். டாக்டர் சொல்லாமல் வைக்க வேண்டாம்.

இதிலும் தணியாவிட்டால், டாக்டர் குறைந்த அளவில் மார்ஃபின் தரலாம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சொன்ன அளவில் கொடுத்தால் மூச்சுத்திணறலைத் தணிக்க உதவும். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கே வரும் உதவி: 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே தரப்படுகின்றன. உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியுங்கள். ஆலோசனைக்கு 104.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: மருந்துச் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ராத்திரி யார் வந்து பார்த்தாலும், நோய் விவரத்தை அந்தப் படமே சொல்லிவிடும்.