ஃபிளாட் எத்தனை அடி? நிலம் எத்தனை அடி?

என் அப்பா கொத்தனார். மயிலாப்பூரிலும் அடையாறிலும் அவர் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குக் கணக்கில்லை. எங்களுக்கு வாடகை வீடுதான். போன வருஷம் ஊர் நிலத்தை விற்ற பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கலாம் என்று மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் பழைய ஃபிளாட் பார்த்தார். செங்கலைத் தட்டியே தரம் சொல்லும் அப்பாவுக்குப் பத்திரம் படிக்க வராது. "நீதான் சிவில் படிக்கிறியே, பாருடா" என்றார்.

பத்திரத்தில் முதலில் தேட வேண்டியது யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. கட்டடம் வருஷா வருஷம் தேயும். இடித்துக் கட்டும் நாளில் நம் கையில் நிற்பது இந்தப் பங்குதான். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. அங்கே ஒரே அளவில் எட்டு வீடு. ஆளுக்கு 300 வர வேண்டும். பத்திரத்தில் 180! எட்டு வீட்டுக்கும் அப்படியென்றால் மீதி 960 சதுர அடி யார் பேரில்? கேட்டேன். "நிலத்தையா தம்பி சமைச்சு சாப்பிடப் போறீங்க?" என்று சிரித்தார் புரோக்கர்.

புது ஃபிளாட் என்றால் இன்னொன்று. 'சூப்பர் பில்ட்-அப்' அளவில் மாடிப்படி, லிஃப்ட் எல்லாம் சேர்த்தி. 2016 ரியல் எஸ்டேட் சட்டம் சொல்லும் கார்ப்பெட் ஏரியாவில் உள் தடுப்புச் சுவர் வரும். வெளிச்சுவர், பால்கனி வராது. டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும்வரை அட்வான்ஸ் வேண்டாம் என்றேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, "அந்த 960 என்னாச்சுன்னு கேட்டியா?" என்றார்.