முஸ்லிமாக இருந்தால்தான் என்ன?

2008ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் பராக் ஒபாமாவை வீழ்த்த எதிர்ப்பாளர் சிலர் ஏந்திய ஆயுதம் எது தெரியுமா? ‘அவர் முஸ்லிம்’ என்னும் வதந்தி!

‘அவர் கிறிஸ்தவர்’ என ஆதரவாளர்கள் மறுத்தனர். அது உண்மையே. ஆயினும், முஸ்லிமாக இருப்பதே குற்றம் என்ற நஞ்சை அம்மறுப்பு முறிக்கவில்லை.

அக்டோபர் 19 அன்று, எதிரணியான குடியரசுக் கட்சியின் காலின் பவல், முன்னாள் வெளியுறவு அமைச்சர், தொலைக்காட்சியில் ஒபாமாவை ஆதரித்தார். அவர் கிறிஸ்தவரே என்றுரைத்து, முஸ்லிமாக இருந்தால்தான் என்ன தவறு என்றும் கேட்டார். ஈராக்கில் உயிர்நீத்த இருபது வயது முஸ்லிம் படைவீரரின் ஆர்லிங்டன் கல்லறையில் பொறித்த பிறையை நினைவூட்டினார்.

வேட்பாளரைக் காக்க ஒரு சமுதாயத்தைக் கைவிட வேண்டியதில்லை. சிந்திப்பீர்களாக!