உங்களுக்குத் தெரியுமா? மருதையாற்றின் நீர் மலைச்சரிவில் தொடங்குகிறது

பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நிற்கும் பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு, அரியலூர் வழியாக ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கிறது. இது மழையை நம்பிய ஆறு. வடகிழக்குப் பருவமழையோ சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். சரிவில் புல்லும் புதரும் இல்லையென்றால் அந்த நீர் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். ஏரிகளில் நீருக்குப் பதில் வண்டல் சேரும்.

ஆகவே சீரமைப்பு மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி நடக்க வேண்டும். முதலில் சம உயரக் கோட்டில் வெட்டும் அகழிகள், பிறகு ஓடைகளில் கல் தடுப்புகள், கீழே கசிவுநீர்க் குட்டைகள். வரிசை மாறினால் குட்டை விரைவில் தூர்ந்துவிடும். மரம் நடுவதே எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் மண்ணை முதலில் பிடிப்பது புல். மேய்ச்சலுக்குச் சில காலம் ஓய்வு கொடுத்தால் கொழுக்கட்டைப்புல் போன்றவை தாமாகவே தலைகாட்டும். அதன் பிறகு ஆவாரை, வேம்பு, உசில் வேரூன்றுவது எளிது.

ஜப்பான் கடனுதவியுடன் 1997இல் தமிழக வனத்துறை தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டம், சிதைந்த காடுகளில் மரம் நடுதலையும் தடுப்பணைகளையும் ஒன்றாக இணைத்தது. காட்டைக் காக்கும் பொறுப்பில் கிராம வனக்குழுக்களும் பங்கேற்றன. ஆடு மேய்ப்பவர்களின் ஒத்துழைப்பு இல்லாமல் எந்தச் சரிவும் பசுமையாவதில்லை.