குழலுக்குத் தக்க கோல்

செம்பூர் ரயில் நிலையத்தை அடுத்த வங்கி வாசல்களில், இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் சார்த்திக்கொண்டு காலை முதல் மாலை வரை நிற்கும் காவலரைத் தினந்தோறும் கடந்து செல்லும் நமக்கு, அந்தத் துப்பாக்கி அநேக இடங்களில் வங்கியின் சொத்தன்று, அம்மனிதரே தம் பெயரில் லைசென்ஸ் பெற்றுக் கைப்பணம் போட்டு வாங்கியது என்பதும், அதைத் துடைக்கும் பிரஷ் முதல் எண்ணெய் வரை அவருடைய சொற்பச் சம்பளத்திலிருந்தே வரவேண்டும் என்பதும் தோன்றுவதில்லை.

செட்டா நகர் முருகன் கோயில் படியில் எனக்குப் பழக்கமான முன்னாள் ஹவில்தார் ஒருவர் இத்தகைய காவலர்தாம். சென்ற மழைக்காலத்தில், உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து குழலைத் துருவேற்றிவிடும் என்றஞ்சி, தம் '12 போர்' துப்பாக்கிக்குப் புது பிரஷ் வாங்கிவர மகனை அனுப்பினார். கடைக்காரர் 20 என்று எண்ணிட்ட ஒன்றைக் கொடுத்து, "12-ஐவிட இது பெரிசு, இறுக்கமா இருக்கும்" என்று சமாதானமும் சொன்னாராம். அது குழலுக்குள் லொடலொடத்தது. பட்டாளத்தில் ரைபிள் துடைத்தே பழகிய மனிதர், கிழிந்த வேஷ்டித் துண்டொன்றை அதன்மேல் சுற்றித் தள்ளினார். குழல்வாய்க்கு அருகே அது நின்றுவிட்டது. இழுத்தபோது கோல் மட்டும் வெளியே வந்தது.

இந்த எண்களின் விசித்திரத்தை அறியாததால் வந்த வினை இது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எதுவோ, அதுவே 12 போரின் துளை, அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாக்கினால் உருண்டை சிறுக்குமாகையால், 20 போரின் துளை 15.6 மில்லிமீட்டர்தான். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். ரைபிளிலோ கணக்கு நேர்மாறு: .22, .303 என்பவை அங்குலத்தின் பின்னங்கள், ஆகவே எண் ஏறினால் துளையும் பெருக்கும். மேலும், ரவைகள் அதிகம் சிதறாதிருக்கும்பொருட்டு வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றின் குழல்வாயை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வரை குறுக்கியிருப்பார்கள். 'சோக்' எனப்படும் அவ்விடத்தில்தான் வேஷ்டித் துணி சிக்கிற்று.

சிக்கிய துணியோடு சுட்டால் குழல் புடைத்துப்போகும், அல்லது வெடித்துச் சிதறும். பின்னதில் முதலில் போவது முன்குழலைத் தாங்கிய கை. பழைய .303 ரைபிளோடு சிப்பாய்க்குக் கொடுத்த, குழல் துடைக்கும் இழுகயிற்றில், கம்பிவலைக்கு ஒன்று, 4 அங்குலத்துக்கு 2 அங்குலமாகக் கத்தரித்த துணிக்கு ஒன்று என்பதோடு, சிக்கிக்கொண்டால் பின்னுக்கு இழுப்பதற்கென்றே மூன்றாவது கண்ணி ஒன்றும் இருந்ததை நினைத்தால், அதை வகுத்தவர்களின் முன்யோசனை வியப்பளிக்கிறது. கயிற்றைச் சாய்த்து இழுத்தால் குழல்வாய் தேய்ந்து குறி தவறும் என்று சிப்பாய்களை எச்சரிப்பதும் வழக்கமாயிருந்தது. பிரஷின் பொருத்தம் என்பது, உள்ளங்கையால் அழுத்தினால் சீரான எதிர்ப்போடு நகரவேண்டும், குத்தித் தள்ள வேண்டியிருக்கக்கூடாது என்பதே. வெண்கலப் பிரஷை நடுவழியில் திருப்பலாகாது. மறுமுனையில் முழுதும் வெளிவந்த பின்னரே பின்னிழுக்க வேண்டும்.

ஹவில்தாரின் மகன், தெருக்கோடி லேத் பட்டறையில் இரும்புக் கம்பியால் தட்டி எடுத்துவிடலாம் என்று புறப்பட்டான். நல்லவேளையாகத் தகப்பனார் தடுத்தார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். அதில்லாமல் அத்தொழிலைச் செய்பவருக்கு, 2019-இல் வந்த திருத்தத்திற்குப் பிறகு, 7 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை காத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாத மகன் அதைத் தூக்கிச் செல்வதும் குற்றமாகியிருக்கும். ஆனால் அதே சட்டம் ஒரு சலுகையும் தருகிறது: பழுதுபார்க்கவோ லைசென்ஸைப் புதுப்பிக்கவோ கொண்டுபோகும்போது, உரியவர் உடனிருந்தாலும், எழுத்துமூலம் அதிகாரம் அளித்திருந்தாலும் மற்றொருவர் எடுத்துச் செல்லலாம். வாய்ச்சொல் போதாது.

பிரஷ் விஷயத்திலோ, வாங்கியவருக்கு உள்ள பாத்தியதை சாதாரணமானதன்று. தவறான அளவைச் சரியென்று சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையீட்டுக்கு உரியது. ஜீவனோபாயத்துக்காகத் தாமே உபயோகிக்கும் பொருளை வாங்கியவரும் நுகர்வோரே. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால், 2 ஆண்டுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் கிடையாது. இத்தனைக்கும் ஆதாரம் ஒரு துண்டு ரசீது. அதைக் கேட்டு வாங்க வெட்கப்படுகிற நம்மவர்களின் தாட்சண்யத்தை நான் ஒருபோதும் புரிந்துகொண்டதில்லை.

லைசென்ஸ் பெற்ற தொழில்காரர் ஒருவர் துணியை அரை மணியில் எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் முதலில் முணுமுணுத்தாலும், ரசீதைப் பார்த்ததும் 20-ஐ வாங்கிக்கொண்டு 12-ஐக் கொடுத்துவிட்டார்.