விறைத்த முள்ளந்தண்டும் இயன் மருத்துவமும்

"நாரி பிடித்துக்கொண்டது" என்ற சொல்லைக் கேளாத வீடு பாலமுனையில் ஒன்றேனும் இருக்குமோ என்பது ஐயமே. ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக அமைந்த ஊர் அது. கரைவலை இழுப்பவர் தம் முதுகு நோவுக்கு வலையின் பாரத்தைக் காரணம் கூறுவர். வயற்காரர் நெல் மூடையைக் காட்டுவர். அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்ட இந்நாளிலும் மூடையை ஏற்றி இறக்குவது மனிதனுடைய முதுகுதானே! நாள் முழுவதும் மேசைமுன் அமர்ந்து கணக்கெழுதும் உத்தியோகத்தரோ, மாரிகாலத்து வாடைக் காற்றின்மேல் பழியைப் போடுவார். காரணங்கள் பலவாயினும் பரிகாரம் என்னவோ ஒன்றாகவே இருக்கின்றது. எண்ணெய் பூசுவது, ஒத்தணம் கொடுப்பது, பாயில் அசையாது கிடப்பது என்பனவே அப்பரிகாரம். முதலிரண்டினாலும் பெருங்கேடு எதுவும் வருவதில்லை. மூன்றாவதைப் பற்றியே இங்கு ஆராய வேண்டியுள்ளது.

முள்ளந்தண்டு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, நாரியில் 5 என அசையக்கூடிய முள்ளென்புகள் 24 உள்ளன. அவற்றின் கீழுள்ள ஐந்தும் வளர்ந்த மனிதரிடத்தில் ஒன்றாகப் பொருந்தித் திருவென்பு எனப் பெயர்பெறுகின்றன. அதற்கும் கீழே வாலென்பு. அடுத்தடுத்த முள்ளென்புகளுக்கு இடையே மெத்தை போன்ற இடைத்தட்டு ஒன்று முன்புறத்திலும், விரல்நுனி அளவான சிறுமூட்டுக்கள் இரண்டு பின்புறத்திலும் அமைந்துள்ளன. இவ்விடைத்தட்டின் உட்பகுதிக்கு இரத்தக் குழாய் கிடையாது. நாம் குனிந்து நிமிரும்போதும் நடக்கும்போதும் அது அழுந்துகின்றது; படுக்கும்போது விரிகின்றது. அழுந்தும்போது நீர் வெளியேறுவதும் விரியும்போது மீண்டும் உட்செல்வதுமாக, நீரில் தோய்ந்த பஞ்சினைப் போல் அது தொழிற்படுகின்றது. காலையில் அளந்த உயரத்திலும் மாலையில் ஒரு மனிதர் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் குறைந்திருப்பதற்கு இதுவே காரணம். மூட்டுக்களின் குருத்தெலும்பும் அவ்வாறே அசைவின் துணையினால் ஊட்டம் பெறுகின்றது. அசைவற்றுக் கிடக்கும் முதுகில் தசை மெலிகின்றது, மூட்டு இறுகுகின்றது, அடுத்த நாள் எழுவது முன்னிலும் கடினமாகின்றது.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் படுக்கையையே விதித்து வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாரிப்பிடிப்புக்கு ஒரு வாரம், இரு வாரம் எனப் படுத்திருக்கும்படி வைத்தியர்களே கூறினார்கள். 1986ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ரிச்சர்ட் டேயோவும் அவருடைய துணைவரும், இரண்டு நாட் படுக்கையையும் ஏழு நாட் படுக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவை வெளியிட்டனர். ஏழு நாள் படுத்தவர்கள் விரைவிற் குணமடையவில்லை. வேலைக்குச் செல்லாத நாட்கள்தாம் அவர்களுக்கு மிகுந்தன. 1995இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடம் நடத்தப்பட்டது. ஒரு பகுதியினர் இரு நாள் படுத்திருந்தனர். ஒரு பகுதியினர் முதுகுப் பயிற்சி செய்தனர். மற்றையோர் நோவு இடங்கொடுத்த அளவுக்கு வழக்கமான அலுவல்களைப் பார்த்தனர். கடைசியிற் கூறியவர்களே எல்லோரிலும் நன்றாகத் தேறினர். திடீரெனப் பிடித்த முதற் சில நாட்களில் கடும் பயிற்சியும் வேண்டியதில்லை, படுக்கையும் வேண்டியதில்லை என்பது இதனாற் பெறப்பட்டது. எழுந்து நடமாடுவதே அந்நாட்களுக்குப் போதிய மருந்து. இவ்வகை நோவு பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே தணிந்துவிடும்.

ஆனால் மாதக்கணக்கில் தணியாது, ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே போகும் விறைப்பு ஒன்று உண்டு. அதனைப் பிரித்தறிவதற்கு ஒரு கேள்வி உதவும்: வேலை செய்தால் நோவு கூடுகின்றதா, குறைகின்றதா? மூடை சுமந்ததால் வந்த நோவு வேலையாற் கூடும், ஓய்வாற் குறையும். மற்றைய நோவோ இதற்கு நேர்மாறானது. அது இரவின் பிற்பகுதியில் ஒருவரை எழுப்பிவிடும். சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது முதுகு பலகைபோல விறைத்திருக்கும். அரைமணி நேரமோ அதற்கு மேலோ நடமாடிய பின்னரே இளகத் தொடங்கும். பகலில் வேலையில் ஈடுபட்டிருக்கும்போது அதனை மறந்தும் போகலாம். நாற்பது வயதுக்கு முன்னரே, பெரும்பாலும் இருபதுகளில், இன்ன நாளில் வந்தது என்று சொல்ல இயலாதபடி மெல்ல மெல்லத் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேலும் நீடித்திருக்குமாயின் அதனை வெறும் வாயு என்று தள்ளிவிடுதல் ஆகாது. பிட்டத்தில் ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமுமாக மாறி மாறி நோவு தோன்றுதலும், கண் சிவந்து வலித்து வெளிச்சத்துக்குக் கூசுதலும் இந்நோயின் வேறு சில அடையாளங்கள்.

இந்நோய்க்கு அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் என்று பெயர். முள்ளந்தண்டை இறுகிப் பொருந்தச் செய்யும் அழற்சி என்பது அதன் கருத்து. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்னார்ட் கொனர் என்னும் ஐரிஷ் வைத்தியர், முள்ளென்புகளும் விலாவென்புகளும் ஒன்றாய்ப் பொருந்தி ஒரே எலும்பாகிவிட்ட எலும்புக்கூடு ஒன்றை விவரித்து எழுதினார். இருநூறு ஆண்டுகளின் பின், 1893க்கும் 1898க்கும் இடையில், ரஷ்யாவில் பெக்தெரெவ், ஜேர்மனியில் ஸ்துரும்பெல், பிரான்சில் பியர் மாரி ஆகிய மூவரும் உயிருள்ள நோயாளரிடத்தில் இதனைக் கண்டு விளக்கினர். பரம்பரையாக வரும் எச்.எல்.ஏ. பி-27 என்னும் கூறுக்கும் இந்நோய்க்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பது 1973இல் தெரியவந்தது. அக்கூறு உடையவர் யாவர்க்கும் நோய் வருவதில்லை. மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்ந்து முடிக்கின்றனர். ஆண்களுக்கே உரிய நோய் என்று முன்பு கருதப்பட்டதனாற் பெண்களிடத்தில் அது காணாமலே விடப்பட்டது. பிள்ளைப்பேற்றின் பின் வந்த நாரி நோவு என்று காலங்கடத்தப்படும் பெண்கள் இன்றும் உளர்.

அழற்சி முதலில் திருவென்பு இடுப்பென்போடு சேரும் மூட்டிலே தொடங்குவதே வழக்கம். பின்னர் மேலேறுகின்றது. அழற்சி கண்ட இடத்திற் புதிய எலும்பு வளர்ந்து, ஒரு முள்ளென்பை மற்றொன்றோடு பாலம் போட்டாற்போல இணைத்துவிடுகின்றது. அப்பாலம் ஒருமுறை அமைந்துவிட்டால் எண்ணெயோ பயிற்சியோ அதனை அகற்ற மாட்டா. ஆகவே காலம் இங்கு முக்கியமாகின்றது. நோவு தொடங்கியதற்கும் நோய் இன்னதென அறியப்படுவதற்கும் இடையே பல நாடுகளில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன என ஆய்வாளர் கூறுவர். இருபத்திரண்டு வயதில் விறைப்புக் கண்ட இளைஞன் ஒருவன் அந்த ஏழு ஆண்டுகளையும் கூனிப் படுத்தே கழித்தால், முப்பதாம் வயதில் அவனுடைய முதுகு கூனிய நிலையிலேயே நிலைத்துவிடலாம். எதிரில் வருபவரை நிமிர்ந்து பார்க்க இயலாத நிலை அது.

இந்நோய்க்கு ஒரு காலத்தில் எக்ஸ் கதிர்ச் சிகிச்சை பெரிதும் கையாளப்பட்டது. நோவு தணிந்தது உண்மையே. ஆயினும் பிரித்தானியாவில் அவ்வாறு சிகிச்சை பெற்ற பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கோர்ட் பிரவுண், ரிச்சர்ட் டோல் ஆகியோர் ஆராய்ந்து, அவர்களிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருந்ததை 1957இல் வெளிப்படுத்தினர். அதன்பின் அம்முறை கைவிடப்பட்டது. இன்று அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகள் முதலிற் கொடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு அடங்காதவர்க்கு, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழக்குக்கு வந்த புதிய ஊசி மருந்துகளும் உண்டு. இவ்வளவு மாற்றங்களுக்கிடையிலும் மாறாது நிலைத்து நிற்பது பயிற்சியாகும். மருந்து நோவைத் தணித்து அசைவதற்கு வழி விடுகின்றது. அசைய வேண்டியவர் நோயாளரே.

இயன் மருத்துவம் என்றால் மின்சாரப் பெட்டியின் கீழ்ப் படுத்துச் சூடு பிடிப்பது என்று எண்ணுவோர் பலர். சூடு தசையை இளக்கும், சற்று நேரம் இதமளிக்கும், அவ்வளவே. அது பயிற்சிக்கு முன்னர் செய்யப்படும் ஆயத்தமேயன்றிச் சிகிச்சை ஆகாது. இயன் மருத்துவர் முதலிற் செய்வது அளத்தல். நாரியின் கீழ் இரு குழிகளுக்கும் நடுவே ஒரு புள்ளியும் அதற்கு 10 சென்ரிமீற்றர் மேலே ஒரு புள்ளியும் இட்டு, நோயாளரைக் குனியச் சொல்வார். நலமான முதுகில் அந்த இடைவெளி 15 சென்ரிமீற்றர் அளவுக்கு விரியும். 1937இல் ஷோபர் என்னும் ஜேர்மனியர் வகுத்த முறை இது. பின்னர்ச் சுவரிலே குதிக்காலும் பிட்டமும் படும்படி நிறுத்தித் தலையின் பின்புறம் சுவரைத் தொடுகின்றதா எனப் பார்ப்பார். மூச்சை முழுவதும் இழுக்கும்போது மார்பு எவ்வளவு விரிகின்றது என்பதும் நாடாவினால் அளக்கப்படும். விலாவென்புகள் முள்ளந்தண்டோடு சேரும் மூட்டுக்களும் இறுகக்கூடியவை என்பதே இதற்குக் காரணம்.

ருகூஉ செய்ய முடிகின்றதே, முதுகில் என்ன குறை என்று கேட்பாருண்டு. ருகூவின்போது முதுகு சமமாகவே இருக்கும். மடங்குவது இடுப்பு மூட்டு. எனவே நாரி முழுவதும் இறுகியவரும் ருகூஉ செய்யக்கூடும். தொழுகையின் முடிவில் வலமும் இடமும் ஸலாம் கொடுக்கும் வேளையே கழுத்தின் நிலையைக் காட்டிக் கொடுக்கும். கழுத்து இறுகியவர் தலையை மட்டும் திருப்பமாட்டாமற் தோளையும் சேர்த்துத் திருப்புவார். இதனைக்கொண்டு தொழுகையையே முதுகுப் பயிற்சியாகக் கொள்ளலாம் என்று சிலர் சொல்வது பொருந்தாது. தொழுகை வணக்கம், பயிற்சி வேறு. இயலாதவர் இருந்து தொழுவதற்கு மார்க்கம் இடமளித்துள்ளது. ஆயினும் கதிரையில் அமரத் தொடங்கியவர், நோவு தணிந்த பின்னரும் நாள் முழுவதும் அதிலேயே இருந்துவிடுவாராயின் முதுகு அக்கதிரையின் வடிவத்தையே பெறும்.

பயிற்சிகள் எளியவை. விழித்தவுடன் பாயிலே மல்லாந்து, முழங்கால்களை மடக்கி இருபுறமும் மெல்லச் சாய்த்தல். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகைப் பூனைபோல் மேலே வளைத்தும் கீழே தாழ்த்தியும் அசைத்தல். சுவரோடு நிமிர்ந்து நின்று மோவாயை உள்ளிழுத்தல். கைகளை விரித்து ஆழமாக மூச்சிழுத்தல். நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரமளவு குப்புறப் படுத்திருத்தல் முன்கூனலைத் தடுப்பதற்கு மிகச் சிறந்தது. தொடக்கத்தில் இரண்டு நிமிடமே இயலுமாயினும் குறையில்லை. நீந்துதல் யாவற்றிலும் இதமானது. ஆனால் வாடைக் காலத்து அலையில் அதற்காக இறங்குவது அறிவுடைமையன்று. படுக்கை தொய்யாததாகவும் தலையணை மெல்லியதாகவும் இருக்க வேண்டும். இவ்வகையில் ஊரிலுள்ள பன்பாய் விலையுயர்ந்த மெத்தைக்குத் தோற்றதன்று. பயிற்சிக்குப்பின் சிறிது உளைவு தோன்றுவது இயல்பே. அது மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்திவிடக் கூடாது.

செய்யத் தகாததையும் கூறவேண்டும். முடிவெட்டும் கடையிலே கழுத்தை இருபுறமும் வெடுக்கெனத் திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அழற்சியால் இறுகிய முள்ளந்தண்டு உறுதியானது போலத் தோன்றினும் உள்ளே எலும்பு பலவீனப்பட்டிருக்கும். சிறு விழுக்காட்டினாலும் முறியக்கூடியது. அத்தகைய கழுத்தை வலிந்து திருப்புதல் முண்ணாணையே சேதப்படுத்திவிடலாம். முதுகிலேறி மிதிப்பதும் இதனோடொக்கும்.

சில நோவுகளுக்குப் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே வைத்தியரைக் காணல் வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்படாது போதல், இரு தொடைகளுக்கும் இடையே உணர்வு மரத்தல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றிற்கு ஒரு நாளும் தாமதித்தலாகாது. காய்ச்சலும் மெலிவும் சேர்ந்த முதுகு நோவு முள்ளென்பிற் பற்றிய காசநோயாக இருக்கலாம். முன்னர்ப் புற்றுநோய் கண்டவர்க்கும், விழுந்த பின் நோவு வந்த முதியவர்க்கும் இவ்விதியே பொருந்தும்.

பாலமுனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ சென்று பெரிய வைத்தியசாலையைக் காண்பது கடினமன்று. அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமுமில்லை. இடர் வேறெங்கோ இருக்கின்றது. முதல் மாதம் ஒழுங்காகச் செல்பவர், நோவு சற்றுத் தணிந்ததும் நின்றுவிடுகிறார். விதைப்புக் காலம் வந்தால் வயற்காரரும், மீன்படும் காலம் வந்தால் கடற்றொழிலாளரும் கிளினிக்கை மறந்துவிடுகின்றனர். அதற்காக அவர்களைக் குறைகூறுவதில் நியாயமில்லை. ஒருநாட் கூலியை இழந்து மருந்தெடுக்கப் போவது சிறு காரியமா? ஆதலால் வீட்டிலே பாய்மீது செய்யும் பயிற்சியை முதலிலேயே நன்கு கற்றுக்கொள்வதும், பிள்ளைகளில் ஒருவருக்கேனும் அதனைக் காட்டிக் கொடுத்து வைப்பதும் பயனுடையது. சில மாதங்களுக்கு ஒருமுறை செல்லும்போது, முந்திய அளவுகள் குறித்த கிளினிக் கொப்பியைத் தவறாது கொண்டு செல்ல வேண்டும். சென்றமுறை 13 சென்ரிமீற்றர் விரிந்த இடைவெளி இம்முறையும் 13 ஆகவே இருந்தால், பயிற்சி பயன்படவில்லை என்று இயன் மருத்துவர் கருதமாட்டார். அது 12 ஆகக் குறைந்திருந்தால்தான் பயிற்சியையும் மருந்தையும் மாற்றியமைப்பது பற்றி வைத்தியரோடு கலந்து பேசுவார்.