செத்த தண்ணீர் ஊர்

ஊர்ப் பெயருக்கு அர்த்தமே 'செத்த தண்ணீர்'. இப்படியொரு பெயரை வைத்துக்கொண்டு எழுநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அசையாமல் நிற்கிறது எக்-மோர்த். பிரான்ஸின் தெற்கே, காமார்க் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. நீம் நகரில் ரயிலேறினால் முக்கால் மணி நேரம்.

இறங்கியதும் மதில்தான் கண்ணை நிறைக்கிறது. சுற்றளவு 1,600 மீட்டருக்குச் சற்று அதிகம். எங்கும் ஒரு உடைசல் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் மார்செய் துறைமுகம் பிரெஞ்சு அரசர் கையில் இல்லை. சிலுவைப் போருக்குக் கிளம்பிய ஒன்பதாம் லூயிக்குச் சொந்தமாக ஒரு துறை வேண்டியிருந்தது. துறவி மடம் ஒன்றிடமிருந்து இந்தச் சேற்று நிலத்தைப் பெற்று, குடியேறுகிறவர்களுக்கு வரிச் சலுகை கொடுத்து, ஊரை உண்டாக்கினார். 1248இல் இங்கிருந்து கப்பலேறிப் போனவர் திரும்பி வந்தார். 1270இல் மறுபடி போனவர் துனிஸில் நோய் கண்டு இறந்தார். மதில் எழுந்தது அதற்குப் பிறகு, மகன், பேரன் காலத்தில்.

துறையைக் கடலோடு இணைத்த கால்வாய்கள் தூர்ந்தன. 1481இல் மார்செயும் பிரான்ஸோடு சேர்ந்ததும் எக்-மோர்த்தைச் சீந்த ஆளில்லை. வளர்ந்த ஊர்களெல்லாம் பழைய மதிலை இடித்துச் சாலை போட்டன. இந்த ஊருக்கு அந்த வசதி வரவில்லை. அதனால்தான் மதில் பிழைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மதில்மேல் நடந்து தெற்கே திரும்பினால் உப்பளம். பாத்தித் தண்ணீர் ரோஜா நிறம்! உப்பு ஏற ஏற அதில் செழிக்கும் நுண்பாசி செய்கிற வேலை அது. அந்தப் பாசியைச் சிற்றிறால் தின்ன, சிற்றிறாலைப் பூநாரை தின்ன, பறவைக்கும் அதே நிறம். அழகுதான். ஆனால் 1893 ஆகஸ்டில் இந்த உப்பளத்தில் கூலிக்கு வந்த இத்தாலியத் தொழிலாளர்களை ஒரு கும்பல் துரத்தித் துரத்தி அடித்துக் கொன்றது. அரசுக் கணக்கே எட்டுப் பேர். வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை.

மதிலின் ஒரு மூலையில், சற்றே விலகி, கான்ஸ்தான்ஸ் கோபுரம். சுவரின் கனம் ஆறு மீட்டர். பிரான்ஸில் புராட்டஸ்டன்ட் வழிபாட்டை 1685இல் தடை செய்த பிறகு, இது சிறையானது. 1705இல் ஆபிரகாம் மாசெல் என்பவர் பதினாறு பேரோடு கயிறு கட்டி இறங்கித் தப்பினார். பின்னால் இது பெண்களின் சிறையானது.

1730இல் உள்ளே வந்தவர் மரி துரான். வயது இருபதுகூட ஆகவில்லை. அண்ணன் தடையை மீறிய போதகர் என்பதுதான் குற்றம். அண்ணனை 1732இல் மோம்பெலியேவில் தூக்கிலிட்டார்கள். தங்கை உள்ளேயே இருந்தார். மதத்தைக் கைவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்கும். அவர் சொல்லவில்லை. கூட இருந்தவர்களுக்காகவும் கடிதம் எழுதி, சாப்பாட்டுக்கும் துணிக்கும் உதவி கேட்டுக்கொண்டிருந்தார். 1768இல் வெளியே வந்தபோது முப்பத்தெட்டு வருஷம் முடிந்திருந்தது. சொந்த ஊருக்குப் போய் எட்டு வருஷம் வாழ்ந்தார்.

மேல்தளத்தின் நடுவே, கீழ் அறைக்கு வெளிச்சம் போக ஒரு வட்டத் துவாரம். அதன் விளிம்புக் கல்லில் யாரோ ஒரு சொல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டல் இன்றைய பிரெஞ்சு அல்ல. அர்த்தம் 'எதிர்த்து நில்'. மரி துரானின் கைவேலை என்பது வழிவழி வந்த பேச்சு, நிரூபணம் கிடையாது. கல்லில் எழுத்துகள் கோணலும் மாணலுமாக இருக்கின்றன. நல்ல உளி கிடைத்திருக்காது.

ஆரஞ்சுப் பூ வாசனையோடு சர்க்கரை தூவிய ஃபூகாஸ் ரொட்டி இந்த ஊர்ச் சிறப்பு. கடைகளில் கிடைக்கும், சாயங்காலம் சாப்பிட்டுக்கொள்ளலாம். போகிறவர்கள் முதலில் கோபுரத்தில் ஏறி, குனிந்து, அந்தக் கல்லைப் பாருங்கள்.